1,600 பேர் பேசும் மொழிக்கும் ஒரு வரி வேண்டும்

மதிப்பிற்குரிய இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

2011 பிப்ரவரியில் படிவக் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய 27 லட்சம் பேரில் நானும் ஒருவன். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வருகிற 2027 பிப்ரவரியில் என்னிடம் படித்த சிலர் அதே வேலைக்குப் போகப்போகிறார்கள், இந்த முறை படிவத்துக்குப் பதில் கைப்பேசியோடு. அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளின் பெயரையும், அவற்றைப் பேசுகிறவர்களின் எண்ணிக்கையையும் மொழி அட்டவணையில் அச்சிடுங்கள். இத்தனை நாளும் அவை ‘பிற’ என்ற ஒரே வரிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த வரியைப் பிரித்துப் போடுங்கள். அவ்வளவுதான்.

குறிப்பாக ஒரு மொழியை மனதில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறேன். அதன் பெயர் டோட்டோ.

மேற்கு வங்கத்தில் அலிப்பூர்துவார் மாவட்டம், மதாரிஹாட் வட்டாரம். அங்கே பூடான் எல்லையை ஒட்டி, இமயமலை சமவெளியில் கால் வைக்கும் இடத்தில், டோட்டோபாரா என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஒரே ஊர்தான் அந்த மக்களின் ஊர். ஏறத்தாழ 1,600 பேர். அவர்கள் பேசுவது சீன-திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. வங்காளியோடோ நேபாளியோடோ அதற்கு ரத்த உறவு கிடையாது. மிக நெருங்கிய சொந்தம் என்றால் மேச்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நேபாளத்தில் பேசப்படும் தீமால் மொழிதான். அழியும் விளிம்பில் இருக்கும் மொழிகளில் ஒன்றாக யுனெஸ்கோ டோட்டோவைக் குறித்து வைத்திருக்கிறது.

நான் அங்கே போனது தற்செயல்தான். என் அக்கா மகன் விமானப்படையில் ஹாசிமாராவில் இருந்தான். 2024 ஜனவரியில் அவனைப் பார்க்கப் போனவன், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஜல்தாபாரா காட்டில் காண்டாமிருகம் பார்க்கலாம் என்றான். பார்த்தோம். மறுநாள் எங்கே போகலாம் என்று யோசித்தபோது, முந்தின வருடம் பத்மஸ்ரீ வாங்கிய தனிராம் டோட்டோவின் பெயர் எனக்கு ஞாபகம் வந்தது. தன் மொழிக்குத் தானே எழுத்து உருவாக்கியவர் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். அந்த ஊர் இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும் என்றேன்.

மதாரிஹாட்டில் டோட்டோபாரா போக வேண்டும் என்று சொன்னால் போதும், ஜீப் கிடைக்கும். வெறும் ‘டோட்டோ’ என்று மட்டும் சொன்னால் பேட்டரி ரிக்‌ஷா வந்து நிற்கும். வங்கத்தில் அந்த வண்டிக்கு அதுதான் பெயர். இணையத்தில் தேடினாலும் முதலில் அந்த வண்டிதான் வருகிறது. பெயரைக்கூட இன்னொன்றோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கிற ஒரு மக்கள் கூட்டம்.

ஏறத்தாழ 22 கிலோமீட்டர். ஹண்டாபாரா தேயிலைத் தோட்டம் தாண்டியதும் பாதை ஆற்றுப் படுகைகளுக்குள் இறங்கி ஏறுகிறது. தீத்தி, பாங்ரி, ஹௌரி என்று மலையிலிருந்து இறங்குகிற காட்டாறுகள். ஜனவரியில் கூழாங்கல்லும் மணலும்தான். மழைக்காலத்தில் தண்ணீர் வந்துவிட்டால் ஊர் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுவிடும் என்றார் ஓட்டுநர். ஊருக்குள் எங்கு பார்த்தாலும் பாக்கு மரம். பின்னால் சுவர் மாதிரி மலை.

ஒரு வீட்டு முற்றத்தில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே உட்காரச் சொன்னார்கள். கேழ்வரகை ஊறவைத்துப் புளிக்கவைத்துச் செய்கிற ‘இயூ’ என்ற பானத்தை வெதுவெதுப்பாக மரக்குவளையில் கொடுத்தார்கள். அந்தக் குவளைக்கு அவர்கள் மொழியில் ‘போய்பா’ என்று பெயர். கைக்கு அடக்கமாக, வழவழப்பாக, உள்ளே இருப்பதன் சூடு லேசாக விரலுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. அந்தச் சொல்லை நான் அன்று பத்துத் தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன். நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கக் குழந்தைகள் கூடிவிட்டார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு பாட்டி பேரனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் ஏதோ பதில் சொல்லிவிட்டு ஓடினான். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. கூட வந்தவர்தான் மெதுவாகச் சொன்னார்: பாட்டி பேசியது டோட்டோ, பையன் பதில் சொன்னது நேபாளி.

அதில் தப்பு சொல்ல எதுவுமில்லை. டோட்டோபாராவிலேயே டோட்டோக்கள் சிறுபான்மையினர். கடை, சந்தை, விளையாட்டு எல்லாம் நேபாளியில் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் வங்காளி. மூன்று மொழியில் இரண்டு வீட்டுக்கு வெளியே கிடைக்கிறது என்றால், வீட்டுக்குள் மட்டும் இருக்கிற மொழிதான் முதலில் தேயும். பாட்டி சொன்னது பேரனுக்கு முழுசாகப் புரிந்தது. அவன் பிள்ளைக்குப் புரியுமா என்பதுதான் என்னை அன்று ராத்திரி தூங்கவிடவில்லை.

ஆணையர் அவர்களே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே கருவி உங்கள் கையில்தான் இருக்கிறது. எத்தனை பேர் தாங்கள் டோட்டோ பேசுவதாகச் சொல்கிறார்கள்? பத்து வருடத்துக்கு முன்னால் எத்தனை பேர் சொன்னார்கள்? அவர்களில் சிறுபிள்ளைகள் எத்தனை பேர்? வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறோம். ஆனால் வெளியிடும் மொழி அட்டவணையில் அந்த எண் இல்லை. 2011 கணக்கெடுப்பின் மொழி அட்டவணையில் 121 மொழிகள் இருக்கின்றன. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ளவை 22, மற்றவை 99. பாரசீகத்துக்கு ஒரு வரி இருக்கிறது, அரபிக்கு ஒரு வரி இருக்கிறது, ஆப்கானிக்கும் இருக்கிறது. இருக்கட்டும், அவற்றைப் பேசுகிறவர்களும் இங்கே வாழ்கிறவர்கள்தான். டோட்டோவுக்கு இல்லை. இந்த மண்ணில் ஒரே ஒரு ஊரைத் தவிர வேறு எங்கும் இல்லாத மொழிக்கு, இந்தியாவின் மொழிப் பட்டியலில் இடமில்லை.

இது முதலிலிருந்தே இப்படி இல்லை. 1961 கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. 1971இல்தான் பத்தாயிரம் என்ற கோடு வந்தது. அதுவரை இருந்தவை ஒரேயடியாகக் காணாமல் போய் 108 ஆகச் சுருங்கின. பேசுகிறவர்கள் எங்கும் போகவில்லை, அச்சிடுவது மட்டும் நின்றது.

இதே கணக்கெடுப்பு அந்த மக்களை எண்ணத் தவறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1951இல் டோட்டோக்கள் 321 பேர், 69 வீடுகள். இனம் அற்றுப்போய்விடும் என்று பயந்த காலம். 1991இல் 926 பேர். 2001இல் 1,184 பேர். கணக்கெடுப்பின் எண்கள் கையில் இருந்ததால்தான் அவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டிய பழங்குடி என்று அரசு அடையாளம் கண்டது. அதற்கென்று திட்டங்கள் வந்தன. எண்ணிக்கை ஏறியது. ஆட்கள் குறைந்தபோது அது தெரிந்தது, ஏனென்றால் எண் அச்சில் இருந்தது. மொழி குறைந்தால் எப்படித் தெரியும்?

கொஞ்சம் மேற்கே தள்ளிப் பாருங்கள். சிக்கிமிலும் டார்ஜிலிங், காலிம்போங் மலைகளிலும் பேசப்படும் லெப்சா மொழியும் சீன-திபெத்தியக் குடும்பம்தான். அதற்கு 18ஆம் நூற்றாண்டிலேயே சொந்த எழுத்து வந்துவிட்டது. சிக்கிமில் 1977 முதல் ஆட்சிமொழிகளில் ஒன்று. அப்படிப்பட்ட மொழியை 2001இல் தாய்மொழி என்று சொன்னவர்கள் 50,629 பேர், 2011இல் 47,331 பேர். பத்து வருடத்தில் 3,298 பேர் குறைவு. பள்ளியில் பாடமாக இருந்தும் குறைகிறதே என்று லெப்சாக்கள் கவலைப்பட முடிகிறது, கையில் எண்ணை வைத்துக்கொண்டு கேள்வி கேட்க முடிகிறது. பத்தாயிரத்துக்கு மேலே இருப்பதால் அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு அது. எந்த மொழிக்கு அந்த எண் ரொம்ப அவசரமாகத் தேவையோ, அந்த மொழிக்குத்தான் நாம் கொடுக்க மாட்டேன் என்கிறோம்.

நேபாளத்தையும் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 123 மொழிகளை வெளியிட்டார்கள். டோட்டோவின் சொந்தமான தீமாலைப் பேசுகிறவர்கள் 19,300 பேர் என்று அதில் இருக்கிறது. அதே பட்டியலில் குசுண்டா என்று ஒரு மொழி, எந்தக் குடும்பத்திலும் சேராத தனி மொழி. அதைப் பேசுகிறவர்கள் 28 பேர். இருபத்தெட்டே பேருக்கு ஒரு வரி போட்டார்கள். பிற்பாடு அங்கே மொழி ஆணையம் குசுண்டா பேசச் சொல்லிக்கொடுக்க வகுப்பு நடத்தியது. 28 என்ற எண்ணைப் பார்த்த பிறகு யாராலும் சும்மா இருக்க முடியாது.

சரி, உங்கள் பக்கத்துக் கஷ்டத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. 2011இல் தாய்மொழி என்று மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அதில் ஊர்ப்பெயர் இருக்கும், சாதிப்பெயர் இருக்கும், எழுத்துப் பிழை இருக்கும். அவற்றையெல்லாம் சலித்து 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குபடுத்தியது எவ்வளவு பெரிய உழைப்பு என்று, கிறுக்கலாக எழுதிக்கொடுத்தவர்களில் ஒருவனாக எனக்குத் தெரியும். ஆனால் டோட்டோ யாரோ வாய்தவறிச் சொன்ன பெயர் இல்லையே. ஆங்கிலேயர் காலத்தில் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்காய்வில் நூறு வருடத்துக்கு முன்பே இடம்பெற்ற மொழி. உங்கள் அலுவலகமே 576 தாய்மொழிகளைக் களத்துக்குப் போய் ஒளிப்பதிவு செய்து முடித்ததாக உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கை சொன்னது. படித்தபோது மனசு நிறைந்தது. அவ்வளவு தூரம் போனவர்களுக்கு ஒரு வரி கூடுதலாக அச்சிடுவது பாரமாக இருக்காது.

இவ்வளவு சின்ன எண்ணிக்கையை வெளியிட்டால் தனி ஆட்களின் விவரம் தெரிந்துவிடும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். டோட்டோக்கள் எத்தனை பேர் என்று பழங்குடிக் கணக்கில் அச்சிட்டபோது வராத ஆபத்து, அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அச்சிடும்போது எப்படி வரும்? அப்புறம், முன்பு காகிதம், பக்கம், அச்சுச் செலவு என்று ஒரு காரணமாவது இருந்தது. இந்த முறை எல்லாமே கணினியில் ஏறப்போகிறது.

ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2020 கல்விக் கொள்கையும் ஐந்தாம் வகுப்பு வரையாவது தாய்மொழி என்கிறது. அதை நம்பி ஒருவர் மனு எழுதிக்கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிற முதல் கேள்வி, ‘எத்தனை பேர் பேசுகிறார்கள்?’ என்பதுதான். முப்பது வருடம் அரசுப் பணியில் இருந்தவன் சொல்கிறேன், எண் இல்லாத கோப்பு நகராது.

அவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். 2015இல் தனிராம் டோட்டோவின் எழுத்து வெளிவந்தது. 2021இல், கணினியில் எழுத்துகளுக்கு இடம் தரும் ஒருங்குறியின் (யூனிகோடு) 14ஆம் பதிப்பில் 31 குறிகளோடு டோட்டோவுக்கென்று தனி இடம் ஒதுக்கப்பட்டது. 2023இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு வங்கி ஊழியர் தொகுத்த அகராதி வந்தது, டோட்டோ சொல்லுக்கு வங்காளியிலும் ஆங்கிலத்திலும் பொருள் போட்டு. 1,600 பேர் உள்ள ஒரு ஊர் பத்து வருடத்துக்குள் எழுத்து, கணினி இடம், அகராதி மூன்றையும் சம்பாதித்துக்கொண்டது. யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை.

அன்று பாக்கு உரித்த வீட்டில் ஒரு கல்லூரிப் பையன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். நண்பன் ஒருவன் டோட்டோ எழுத்தில் அனுப்பிய செய்தியாம். திரையில் வரிசையாக வெற்றுக் கட்டங்கள். அவன் கைப்பேசியில் அதற்கான எழுத்துரு இல்லை. எங்கள் தலைமுறைக்கு இது பழகிய காட்சி. இருபது இருபத்தைந்து வருடம் முன்பு தமிழில் வந்த மின்னஞ்சலைத் திறந்து கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவனிடம் அதைச் சொன்னேன். ‘எவ்வளவு நாளில் சரியானது?’ என்று கேட்டான். எங்களுக்கு ஆட்பலம் இருந்தது, கோடிக்கணக்கில் இருந்தோம், அதனால் சீக்கிரம் சரியானது என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தான். கையால் எழுதிய டோட்டோ எழுத்து வரிசை, மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்துக் காட்டினான்.

நான் வேலை பார்த்தது நீலகிரியில். 2011 கணக்கெடுப்பில் எனக்குக் கிடைத்த பகுதியில் ஒரு மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு, இருந்தது. பெயர் ஒற்றுமையைப் பாருங்கள், தோடா, டோட்டோ. ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை, தோடா நம் திராவிடக் குடும்பம். ஆனால் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே கதி. பத்தாவது கேள்வி தாய்மொழி. அந்த வீட்டு மகன், “தமிழ்னே போட்டுக்குங்க சார், எதுக்குச் சிரமம்” என்றான். கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்த போர்வையைச் சுற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா அவனிடம் ஏதோ கடிந்து சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “நாங்க பேசுறதை எழுது” என்றார்.

நீங்கள் கொடுத்த கையேட்டிலும் அதுதான் இருந்தது. சொல்வதைச் சொல்கிறபடி எழுது, மொழியா கிளைமொழியா என்று விவாதிக்காதே. நான் ‘தோடா’ என்று எழுதினேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். தலையாட்டினார்.

2018இல் மொழி அட்டவணை வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் தேடினேன். ஆங்கில அகர வரிசையில் இருந்தது. கடைசிப் பக்கங்களில் தாடோ, திபெத்தி, திரிபுரி, துளு என்று வரிசையாகப் பார்த்தேன். தோடா இல்லை. அந்த இடத்தில் டோட்டோவும் இல்லாததை அன்று நான் கவனிக்கவில்லை. அப்படி ஒரு மொழி இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. பட்டியலில் இல்லாததால்தான் தெரியாமல் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இனி நடைமுறை விஷயம். கைப்பேசிச் செயலியில் தாய்மொழிக்குப் பட்டியல் ஏதாவது வைப்பதாக இருந்தால் அதில் டோட்டோ இருக்கட்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் இருக்கிற ஆசிரியர் பக்கத்தில் இருக்கிற வேறு ஏதாவதைத் தொட்டுவிடுவார். மதாரிஹாட் வட்டாரத்தில் இந்த வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் அரைமணி நேரம் இதைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். ‘நேபாளின்னே போட்டுக்கோங்க’ என்று ஒரு பையன் சொல்வான். அவனோடு வாதாட வேண்டாம், பக்கத்தில் இருக்கிற பாட்டியிடமும் அவருடைய மொழியைத் தனியாகக் கேட்கட்டும். வீட்டுக்கு ஒரு மொழி என்று நிரப்பிக்கொண்டு போகாமல் ஆளுக்கு ஆள் கேட்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. அதைக் கடைப்பிடித்தால் போதும். அடுத்த கேள்வி, தெரிந்த பிற மொழிகள், அதையும் விடாமல் கேட்கட்டும். நேபாளி என்று சொன்ன பையன் அதில் டோட்டோ என்பான்.

அட்டவணை வரும்போது டோட்டோ என்ற பெயருக்கு எதிரே ஒரு எண், அதை வயதுவாரியாகப் பிரித்து. 2027 மார்ச் 1 நள்ளிரவில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை. ஆயிரமாக இருந்தாலும் சரி, நூறாக இருந்தாலும் சரி. ஜல்தாபாராவில் காண்டாமிருகங்களை ஒன்று விடாமல் எண்ணி, எண்ணிக்கையை ஊருக்கே சொல்கிறோம். அதனால்தான் அவை பிழைத்துக் கிடக்கின்றன. அங்கிருந்து ஒரு மணிநேர ஜீப் பயணத்தில் இருக்கிறது டோட்டோபாரா.

அந்த ஊருக்கு நான் மறுபடி போகப்போகிறேன். அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், அட்டவணை வந்ததும் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வருகிறேன் என்று. நீலகிரியில் அந்த அம்மாவின் வீட்டுக்கும் இன்னொரு பிரதி எடுப்பேன்.

இப்படிக்கு,
2011இன் கணக்கெடுப்பாளர் ஒருவர்,
ஓய்வுபெற்ற ஆசிரியர், நீலகிரி மாவட்டம்